பூச்சியுண்ணும் செடிகளும் நம் வீட்டு மாடமும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கொல்கத்தாத் தமிழர்கள் ஆண்டுக்கொருமுறை கூடி இசையும் கவியும் நாடகமும் நுகரும் இந்த மேடையில், ஈயையும் எறும்பையும் பிடித்துத் தின்னும் செடிகளைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று முதலில் தயங்கினோம். ஆயினும் விழாக் குழுவினர் விடவில்லை. காரணம், எங்கள் வீட்டுக்கு வருவோர் அனைவரும் மாடத்தில் இருக்கும் தொட்டிகளைக் கண்டு தவறாமல் கேட்கும் மூன்று கேள்விகள். இவற்றை எங்கே வாங்கினீர்கள்? இவற்றுக்கு என்ன உணவு கொடுக்கிறீர்கள்? வீட்டில் கொசுத் தொல்லை தீர்ந்துவிட்டதா? மூன்றாவதற்கு விடை, தீரவில்லை, தீரவும் தீராது என்பதே. அதனை முதலிலேயே கூறிவிட்டால், கொசுவலைக்குப் பதிலாக ஒரு செடி வாங்கலாம் என்று எண்ணி வந்திருப்போர் ஏமாற்றத்தை இப்பொழுதே தீர்த்துக்கொண்டு, மற்ற இரண்டு கேள்விகளுக்கும் விடையை அமைதியாகக் கேட்கலாம்.

செடி பூச்சியைத் தின்கிறது என்றவுடன், நாம் சோறு உண்பதுபோல அஃது உண்கிறது என்று கருதிவிடுகிறோம். அப்படியன்று. மற்றச் செடிகளைப் போலவே இதுவும் பச்சை இலையும் கதிரவன் ஒளியும் காற்றும் நீரும் கொண்டு தன் உணவைத் தானே சமைத்துக்கொள்கிறது. அதற்கு இல்லாத குறை வேறு. இச்செடிகள் வாழும் நிலம் வறிய நிலம். செம்பாறை மேட்டில் மழைநீர் கசியும் இடம், வெறும் மணற்பாங்கான ஈரத்தரை, சத்தற்ற குளம், மலைச்சரிவில் மழை அரித்த மண் ஆகியவையே அதன் ஊர். தழைச்சத்தும் மணிச்சத்தும் அங்கே அரிது. வேரினால் பெற இயலாத அச்சத்துகளை இலையினால் பெறக் கற்றுக்கொண்ட செடி இது. ஆகவே ஒளியே இதற்குச் சோறு; பூச்சி இதற்கு எரு. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால், இச்செடியை இனங்காண்பதும் எளிது, வளர்ப்பதும் எளிது. இதனை மறந்தவர்கள்தாம் அன்பு மிகுதியால் செடியைக் கொன்றுவிடுகிறார்கள்.

மேனாட்டாரும் இதனை நெடுங்காலம் நம்பவில்லை. சார்லஸ் டார்வின் 1860-ஆம் ஆண்டில் பனித்துளிச் செடியை ஆராயத் தொடங்கி, 1875-இல்தான் ‘பூச்சியுண்ணும் தாவரங்கள்’ என்ற பொருளில் தம் நூலை வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டில் ஜோசப் ஹூக்கர், பெல்பாஸ்ட் நகரில் கூடிய அறிவியல் பேரவையில், குடுவைச் செடியின் குடுவைக்குள் முட்டை வெண்கருவும் இறைச்சித் துண்டும் இட்டுச் சோதித்துக் கண்டவற்றை எடுத்துரைத்தார். பூச்சி தின்பதால் செடிக்கு நன்மை உண்டா என்ற ஐயம் அப்பொழுதும் தீரவில்லை. டார்வினின் மகனார் பிரான்சிஸ் 1878-இல் அதனையும் தீர்த்து வைத்தார். ஊன் ஊட்டிய பனித்துளிச் செடிகள், ஊட்டாதவற்றைக் காட்டிலும் இருமடங்குக்கு மேற்பட்ட விதை ஈன்றன. பட்டினி கிடந்தவையும் உயிரோடுதான் இருந்தன என்பதையும் இங்கே குறித்துக்கொள்வோமாக. அது பின்னால் நமக்குப் பயன்படும்.

இனி, இனங்காணும் வழி. உலகில் 700-க்கு மேற்பட்ட பூச்சியுண்ணும் செடியினங்கள் உண்டு. பார்வைக்கு அவ்வாறு தோன்றி அல்லாதனவும் பல உண்டு. பூச்சியைத் தன்பால் ஈர்த்தல், பிடித்தல், செரித்தல், செரித்ததை உறிஞ்சிக்கொள்ளல் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்தாலன்றி ஒரு செடியை இக்கூட்டத்தில் சேர்த்தல் ஆகாது. நம் ஊரில் வேலியோரம் நிற்கும் நாய்வேளையின் தண்டைத் தொட்டால் விரலில் பசை ஒட்டுகிறது. சிறு பூச்சிகளும் அதில் ஒட்டிச் சாகின்றன. கொடிவேலிப் பூவின் புறவிதழும் அப்படியே. ஒட்டிக்கொண்டதைச் செரித்து உண்ணும் அமைப்பு இவற்றுக்கு உண்டு என்று நிறுவப்படவில்லை. தம்மைக் கடிக்க வருவனவற்றைத் தடுக்கும் காவலாகவே இதனைக் கொள்கின்றனர். ஆடுதின்னாப்பாளையின் இனத்தைச் சேர்ந்த அழகுக்கொடிகளை இந்நகரத்துத் தோட்டங்களில் காணலாம். வளைந்த குழல் போன்ற அதன் பூவுக்குள் ஈ நுழைந்தால் உடனே வெளிவர முடியாது. பலர் இதனைக் காட்டி, ‘இதுதானே நீங்கள் சொல்லும் செடி?’ என்று கேட்பதுண்டு. அன்று. அது பூ, இலையன்று. ஈயைச் சிறிது நேரம் சிறை வைத்து, மகரந்தத்தைப் பூசி, விடுதலை செய்துவிடுகிறது. அது கொலையன்று, கூலியில்லாத வேலை வாங்குதல். உண்மையான பூச்சியுண்ணும் செடியில் பொறியாக நிற்பது பூ அன்று, இலைதான். இலையின் வடிவம் எவ்வளவு மாறியிருப்பினும் அது இலையே.

நம் நாட்டில் காணும் இவ்வகைச் செடிகளுள் மூன்று குடும்பங்களை மட்டும் இங்கே கூறுவோம்.

முதலாவது பனித்துளிச் செடி. வங்காளிகள் இதனைச் ‘சூர்ய சிசிர்’ என்கிறார்கள். சிசிர் என்பது பனி. கதிரவன் ஏறிய பின்னும் உலராத பனி என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் நல்ல கவிஞர். வீர்பூம், பாங்குடா மாவட்டங்களின் செம்பாறை நிலத்தில், மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் காலத்தில் குனிந்து பார்த்தால் தரையோடு தரையாக இதனைக் காணலாம். ஒரு ரூபாய் நாணயத்தின் அளவே இருக்கும். ஆப்பு வடிவான இலைகள் வட்டமாக அடுக்கப்பட்டு, வெயில் படும் இடத்தில் செக்கச்செவேலென்று இருக்கும். ஒவ்வோர் இலையிலும் ஊசிபோன்ற மயிர்கள். ஒவ்வொரு மயிரின் நுனியிலும் பளபளக்கும் ஒரு துளி. நடந்து செல்வோர் இதனை எச்சில் துப்பிய வெற்றிலைச் சாறு என்று எண்ணி விலகிப் போவதும் உண்டு. தேன் என்று எண்ணி வந்து அமரும் சிறு ஈ அந்தப் பசையில் சிக்கும். இலையோரத்து நீண்ட மயிர்கள் சில விநாடிகளில் உள்நோக்கி வளைந்து அதனை நடுவே தள்ளும். பின்னர் இலை செரிக்கும் நீரைச் சுரந்து தன் வேலையை முடிக்கும். இவ்வினத்துக்கு ஜோகன்னஸ் பர்மன் என்ற டச்சு அறிஞரின் பெயரை இட்டிருக்கிறார்கள். அவர் இலங்கைத் தாவரங்களைப் பற்றி 1737-இல் எழுதிய நூலில் இச்செடியைக் குறித்திருந்தார். தண்டு நிமிர்ந்து, இலைகள் நூல்போல் நீண்டு, இளஞ்சிவப்புப் பூப் பூக்கும் மற்றொரு வகையும் சமவெளிகளில் உண்டு. நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளிகளில் வளரும் மூன்றாவது வகை, கேடயம் போன்ற இலையும் மண்ணுக்குள் சிறு கிழங்கும் உடையது. அது குளிர்நாட்டுப் பிராணி; இந்த நகரத்துக்கு அழைத்து வரவேண்டா.

இங்கே ஒரு சிறு விலகல். தமிழ் மருத்துவ மரபில் அழுகண்ணி, தொழுகண்ணி என்று இரண்டு மூலிகைகளை இணைத்துச் சொல்வதுண்டு. அழுகண்ணி எது என்பதில் வைத்தியர்களிடையே வேற்றுமை இருப்பினும், இலைதோறும் கண்ணீர் துளிர்த்து நிற்கும் இப்பனித்துளிச் செடியே அது என்று கொள்வோர் பலர். தொழுகண்ணி என்பது, பக்கத்துச் சிற்றிலைகள் இரண்டும் கைகூப்புவதுபோல் தாமே ஏறி இறங்கும் செடி. அத்தொழுகண்ணியின் அசைவைத்தான் இந்நகரிலே ஜகதீச சந்திர போஸ் தம் நுண்கருவிகளால் அளந்து உலகத்துக்குக் காட்டினார். அவர் 1917-இல் நிறுவிய ஆய்வுக்கூடம் இன்றும் இங்கே இயங்குகிறது. நம் பாட்டிமார் ஒரே மூச்சில் சொன்ன இரண்டு பெயர்களில் ஒன்று வங்கத்துச் செம்மண்ணிலும், மற்றொன்று வங்கத்து ஆய்வுக்கூடத்திலும் நமக்காகக் காத்திருந்தன என்று எண்ணும்போது ஒரு மகிழ்ச்சி உண்டாகிறது. இனி விட்ட இடத்துக்கு வருவோம்.

இரண்டாவது, நீர்ப்பைச் செடி. வங்காளத்துக் குளங்களில் நீருக்குள் மிதக்கும் பாசி போன்ற செடிகளை எல்லாம் ‘ஜாஞ்ஜி’ என்று ஒரே சொல்லால் அழைத்துவிடுகிறார்கள். அவற்றினிடையே மஞ்சள் நிறச் சிறு பூக்கள் நீருக்கு மேலே தலை நீட்டி நின்றால், கீழே இருப்பது பெரும்பாலும் இச்செடியே. இதற்கு வேர் இல்லை. நூலிழை போன்ற கிளைகளில் கடுகளவும் அதனிற் சிறிதுமான பைகள் தொங்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் இட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் குழந்தைகளும் காணலாம். பையின் உள்ளிருக்கும் நீரைச் செடி இறைத்து வெளியேற்றிவிடுவதால் பை ஒடுங்கி இறுகி நிற்கும். வாயிலில் உள்ள மயிரை ஒரு சிற்றுயிர் தீண்டியதும் கதவு உள்நோக்கித் திறந்து, வெளிநீர் பாய்ந்து, உயிரும் உடன் செல்லும். இவ்வளவும் நடந்து முடிய ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கும் ஆவதில்லை என்று 2011-இல் பிரான்சு நாட்டினர் விரைவுப் படக்கருவி கொண்டு கண்டனர். நம் கண் இமைக்கும் நேரத்தில் நூறு முறைக்கு மேல் நடக்கக்கூடிய செயல் இது. நீரில் வாழாது ஈரத்தரையில் வாழும் நீர்ப்பைச் செடிகளும் பல. மலையாளத்தார் ஓணப் பூக்களத்தில் இடும் நீலநிறக் காக்காப்பூ அவற்றுள் ஒன்று. மராட்டியத்தில் சாதாராவுக்கு அருகில் உள்ள காஸ் மேட்டுநிலத்தில் மழைக்குப் பின் நீலக் கம்பளம் விரித்தாற்போல் பூப்பதும் இக்குடும்பமே. அதனைச் சீதையின் கண்ணீர் என்கிறார்கள் அவ்வூரார். பூவைப் பார்த்துப் பெயரிட்டவர்கள், மண்ணுக்குள் அது செய்யும் வேட்டையை அறிந்திருக்க மாட்டார்கள்!

இதே வங்கக் குளங்களில் மிதந்த மற்றொரு செடியைப் பற்றியும் ஒரு சொல். கைவிரல் மடக்குவதுபோல் மூடும் சிறு பொறிகள் உடைய ஆல்ட்ரோவாண்டா என்பது அது. இந்தியாவிலிருந்து சென்ற செடியைக் கொண்டே 1696-இல் இலண்டனில் ப்ளூக்நெட் என்பவர் இதனை முதன்முதல் நூலில் ஏற்றினார். 1793-இல் சிப்பூர்த் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ராக்ஸ்பரோவும் வங்காளக் குளங்களில் இருந்த இதனை விவரித்தார். இன்று உலகெங்கும் இது அருகிவிட்டது. பகை எதுவெனில், எரு. வயலில் இட்ட உரமும் வீட்டுக் கழிவும் குளத்தில் கலந்து நீர் கொழுத்துவிட்டால், மற்றப் பாசிகள் பெருகி இதனை மூடிவிடுகின்றன. பிற உயிர்களுக்குச் செழிப்பாக இருப்பது இதற்கு நஞ்சாகிறது.

மூன்றாவது, குடுவைச் செடி. வங்காளிகள் ‘கலசபத்ரீ’ என்பர். நம் நாட்டில் இதன் இனம் ஒன்றே ஒன்று. அது மேகாலயத்துக் காசி, ஜயந்தியா, காரோ மலைகளில் வாழ்கிறது. ஹூக்கர் 1873-இல் அதற்குக் காசி மலையின் பெயரையே சேர்த்து நெபந்தஸ் காசியானா என்று பெயரிட்டார். காசி மக்கள் ‘தியூ ராகோட்’ என்பார்கள். அரக்கப்பூ என்று பொருள். காரோ மக்கள் ‘மேமாங் கோக்சி’ என்பார்கள், பேய்க்கூடை. இலையின் நடுநரம்பு நுனிக்கு அப்பாலும் நீண்டு, கொடிச்சுருளாகி, அதன் முனை பருத்துக் குடுவையாகிறது. குடுவைக்கு மேலே மூடி. முதிர்ந்தபின் அது மூடித் திறப்பதில்லை. மழைநீர் நிரம்பாதவாறு குடைபிடித்து நிற்கிறது, அவ்வளவே. விளிம்பில் தேன் சுரக்கிறது. ஈரம் பட்டால் அவ்விளிம்பு எறும்பின் காலுக்கும் வழுக்கும். கீழே மெழுகு பூசிய சுவர். அடியில் செரிக்கும் நீர். திருவனந்தபுரத்துக்கு அருகே பாலோடு என்னும் ஊரில் உள்ள தாவர ஆராய்ச்சி நிலையத்தார், புற ஊதா ஒளியில் இக்குடுவையின் விளிம்பு நீலநிறமாக ஒளிர்வதை 2013-இல் வெளியிட்டனர். நமக்குப் புலப்படாத அந்த ஒளி எறும்பை அழைக்கிறது என்பது அவர்கள் கருத்து. குடுவையில் விழுவன பெரும்பாலும் எறும்புகளே. கொசுவோ, பல நாட்டுக் குடுவைச் செடிகளில் அந்த நீரிலேயே முட்டையிட்டுக் குடும்பம் நடத்துகிறது! கொசுத் தொல்லை தீராது என்று முதலில் கூறியதன் காரணம் இப்பொழுது விளங்கும்.

இனி வீட்டில் வளர்க்கும் முறை. முதலாவதும் முடிவானதுமான விஷயம் நீர். இச்செடிகள் உப்பைப் பொறுக்கமாட்டா. இந்நகரத்துக் குழாய்க்கிணற்று நீரில் உப்பும் இரும்பும் மிகுதி. மாநகராட்சிக் குழாய்நீரும் உதவாது. காய்ச்சி ஆறவைத்து ஊற்றலாமே என்பார்கள். காய்ச்சுவதால் கிருமி சாகும். உப்பு சாகாது, செறியும். மழைநீரே இதற்குத் தாய்ப்பால். ஆனி முதல் புரட்டாசி வரை வானம் நமக்கு வேண்டிய அளவு தருகிறது. முதல் மழை மாடித் தூசியைக் கழுவிச் செல்லட்டும்; இரண்டாம் மழையிலிருந்து பிடித்து, மூடிய பிளாஸ்டிக் பீப்பாயில் வைத்துக்கொள்ளலாம். மழையில்லாத மாதங்களில், மின்கலத்துக்கு ஊற்றும் வடிநீரைக் கடையில் வாங்கலாம். வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் நீரும் சில வீடுகளில் ஏற்றதாக இருக்கும். சில இயந்திரங்கள் சுவைக்காக உப்பைத் திரும்பக் கலந்துவிடுகின்றன. ஒரு லிட்டரில் கரைந்த உப்பு 50 மில்லிகிராமுக்கு மேற்படாதிருத்தல் நலம். இதனை அளக்கும் பேனா அளவுள்ள கருவி மலிவாகக் கிடைக்கிறது. செடிக்கு முன்னர் அதனை வாங்குங்கள் என்பது எங்கள் அபிப்பிராயம்.

அடுத்தது மண். தோட்டமண் ஆகாது, செம்மண் ஆகாது, சாணம், எலும்புத்தூள், மண்புழு உரம் எதுவும் ஆகாது. தமிழர் வீட்டில் ஒரு செடிக்கு எரு இடாதிருப்பது எவ்வளவு கடினம் என்பதை நாங்கள் அறிவோம். மோரை ஊற்றுவோம், அரிசி கழுவிய நீரை ஊற்றுவோம், தேயிலைச் சக்கையைப் போடுவோம். இச்செடியிடம் அந்தக் கை நீளக்கூடாது. பனித்துளிச் செடிக்கு ஸ்பாக்னம் பாசித்தூள் ஒரு பங்கும், பலமுறை அலசிய பருமணல் ஒரு பங்கும் போதும். கடல்மணலைத் தொடவே வேண்டா. பாசி கிடைக்காவிடில் தேங்காய் நார்த்தூள் கொண்டு ஒப்பேற்றலாம். ஆனால் நார்த்தூளில் உப்பு ஊறியிருக்கும். மழைநீரில் ஊறவைத்துப் பிழிந்து, ஊறவைத்துப் பிழிந்து, பிழிந்த நீரில் அக்கருவி காட்டும் எண் இறங்கும் வரையில் விடக்கூடாது. குடுவைச் செடிக்கு இன்னும் காற்றோட்டம் வேண்டும்: பாசி, தேங்காய் மட்டைத் துண்டு, மரக்கரி இவற்றைக் கலந்து, ஆர்க்கிட் தொங்கவிடும் கூடையில் இடலாம்.

தண்ணீர் வைக்கும் முறையில் இரண்டும் எதிரெதிர். பனித்துளிச் செடியின் தொட்டி எப்பொழுதும் ஒரு விரற்கடை நீருள்ள தட்டில் நிற்கவேண்டும். குடுவைச் செடியோ ஈரத்தை விரும்பும். தேங்கிய நீரில் நின்றால் வேர் அழுகும். தட்டில் தேங்கும் நீர் டெங்குக் கொசுவுக்குத் தொட்டில் ஆகும் என்பதால், தட்டைப் பருமணலால் நிரப்பி, நீர்மட்டம் மணலுக்குள்ளேயே இருக்குமாறு செய்தல் வேண்டும். நீர்ப்பைச் செடிக்கு ஓர் அகன்ற கண்ணாடிக் கிண்ணமும் மழைநீரும் சில உலர்ந்த இலைகளும் போதும்; மீன் விடக்கூடாது. அது இளம் கொசுப்புழுக்களைப் பிடித்துத் தின்னும். இக்கூட்டத்தில் கொசுவின்பால் பகைமை காட்டுவது அது ஒன்றுதான்.

ஒளி. பனித்துளிச் செடிக்கு நாளில் நான்கைந்து மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். இலை பச்சையாகவே இருந்து பசைத்துளி வற்றினால், அது இருட்டில் வாடுகிறது என்று அறிக. குடுவைச் செடிக்குக் காலை வெயில் அல்லது வலைநிழல். சித்திரை, வைகாசியில் 40 பாகையைத் தொடும் வெப்பக்காற்று அதற்கு ஆகாது; கால்வைசாகிப் புயல் வரும் மாலைகளில் தொங்கும் கூடையை இறக்கி வையுங்கள். ஆடியிலிருந்து ஐப்பசி வரை இந்நகரத்து ஈரக்காற்று, நாம் எவ்வளவு சலித்துக்கொள்கிறோமோ அவ்வளவுக்கு அதற்கு உகந்தது. புதிதாய் வந்த செடி இலை மட்டும் விட்டுக் குடுவை விடாவிட்டால், ஒளியோ காற்றின் ஈரமோ குறைவு, அல்லது யாரோ எரு இட்டுவிட்டார்கள் என்பது பொருள்.

உணவு. ஒன்றும் கொடுக்கவேண்டா. திறந்த மாடத்தில் இருக்கும் செடிக்கு வேண்டியது தானே வரும். வராவிட்டாலும் பட்டினியில் சாகாது என்பதை பிரான்சிஸ் டார்வினின் சோதனையிலே கண்டோம். எங்கள் வீட்டுக்கு வந்திருந்த உறவினர் அம்மையார் ஒருவர், ‘பாவம், வாயைத் திறந்துகொண்டு நிற்கிறதே’ என்று இரங்கி, குடுவையில் ஒரு கரண்டி பாயசம் வார்த்துவிட்டார். நான்காம் நாள் அக்குடுவை கறுத்து அழுகிற்று. எறும்புகள் மட்டும் வீடு முழுவதும் விருந்துக்கு வந்தன. அவர் மனம் நோகாதிருக்க, குடுவைக்கு வயதாகிவிட்டது என்று கூறினோம். அதுவும் முழுப் பொய்யன்று. நல்ல கவனிப்பிலும் ஒவ்வொரு குடுவையும் சில மாதங்களில் காய்வது இயல்பே.

ஈப்பொறி என்று படங்களில் காணும் வீனஸ் செடியைப் பற்றிக் குழந்தைகள் கேட்பார்கள். அது அமெரிக்காவில் வட, தென் கரோலினா மாநிலங்களின் கடலோரச் சதுப்பில் மட்டும் இயற்கையாய் வாழ்வது. ஒரு மயிரை இருபது விநாடிக்குள் இருமுறை தீண்டினால்தான் மூடும். ஆகவே மழைத்துளிக்கு ஏமாறுவதில்லை. குளிர்காலத்தில் அதற்கு நீண்ட உறக்கம் வேண்டும். இந்நகரத்தின் குளிர் அதற்குப் போதாது. இரண்டாம் ஆண்டில் மெலிந்து போகும். வாங்கியே தீரவேண்டும் என்பவர்கள், குழந்தைகள் விரலால் சீண்டி மூடச்செய்யாதவாறு பார்த்துக்கொள்க. ஒவ்வொரு பொறிக்கும் சில முறை மூடும் வலிமைதான் உண்டு.

இனி, எங்கே வாங்குவது என்ற முதற்கேள்வி. இதனைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் நண்பர் ஒருவர் ஒரு கண்காட்சியில் குடுவைச் செடி வாங்கி வந்தார். தொட்டி இல்லை, சணல் சாக்குத் துண்டில் சுற்றியிருந்தது. கட்டைவிரல் பருமனான தண்டு, வெட்டுண்ட வேர், ஒட்டிக்கொண்டிருந்த மலைமண், பாதி உடைந்த முதிர்ந்த குடுவைகள். விற்றவர் ‘நாற்றுப்பண்ணைச் செடி’ என்றாராம். பண்ணையில் பிறந்த செடி அவ்வாறு இராது. பாசியில் வேர் பரப்பி, சிறு கிண்ணத்தில், இளமையாய் வரும். இது மலையிலிருந்து பறித்து வந்தது. மூன்று வாரத்தில் மடிந்தது. மலையில் அது எத்தனை ஆண்டு வாழ்ந்ததோ!

நெபந்தஸ் காசியானா அழிவின் விளிம்புக்கு அருகில் நிற்கும் இனம். நிலக்கரிச் சுரங்கத்தாலும் காடு திருத்துவதாலும் அதன் நிலம் குறைகிறது. எஞ்சியதை விற்பனைக்காகப் பறிக்கிறார்கள். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு ஆகையால், ஒரு சரிவில் பெண் செடிகளைப் பறித்துவிட்டால் எஞ்சியவை பூத்தும் விதை இராது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-இல் செய்த திருத்தம், ஆறு தாவரங்களுக்குச் சிறப்புக் காவல் அளித்தது. அவற்றுள் ஒன்று இது. காட்டிலிருந்து பறிப்பது மட்டுமன்று, உரிமம் இன்றி அதனைப் பயிரிடுவதும் விற்பதும் குற்றமாகும். நாடுகளுக்கிடையே விற்பதையும் உலக உடன்படிக்கை தடுக்கிறது. ஆதலின் ‘இந்தியக் குடுவைச் செடி, அபூர்வமானது’ என்று ஒருவர் குரல் தாழ்த்திச் சொன்னால், கையை மடக்கிக்கொண்டு நடந்துவிடுங்கள். அதனைக் காண விரும்புவோர் அதன் ஊருக்கே செல்லலாம். காரோ மலையில் பாக்மாராவுக்கு அருகே இச்செடிக்கென்றே சில ஏக்கர் நிலத்தைக் காப்பிடமாக விட்டிருக்கிறார்கள். ஜயந்தியா மலையில் ஜராயின் என்னும் ஊரிலும் காணலாம். கொல்கத்தாவிலிருந்து குவாஹாட்டி வரை இரயிலும், அப்பால் ஷில்லாங் வழியாகச் சாலையும் இருக்கின்றன. கோடை விடுமுறையில் டார்ஜிலிங் செல்லும் நம்மவர் ஒருமுறை அத்திசையில் திரும்பினால் என்ன?

வீட்டுக்கு வேண்டுவோர், பிலிப்பைன்ஸ் தீவுகளின் இரண்டு இனங்கள் கலந்து பிறந்த ‘வென்ட்ராட்டா’ என்னும் வகையைக் கேட்டு வாங்கலாம். நம் நாட்டு நாற்றுப்பண்ணைகளில் கிடைக்கிறது. நம் வெப்பத்தையும் பொறுக்கும். நீண்ட தண்டை மூன்று கணு உள்ள துண்டுகளாக நறுக்கி, ஈரப்பாசியில் நட்டு, கண்ணாடிக் குப்பியால் மூடி நிழலில் வைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் வேர்விடும். ஒரு வீட்டில் ஒன்று இருந்தால் சங்கத்தில் பத்து வீட்டுக்குப் போதும். யாரும் மலைக்கு ஆள் அனுப்ப வேண்டியதில்லை.

பனித்துளிச் செடிக்குக் காசே வேண்டா. எங்கள் தொட்டிகளில் விளைந்த விதையைச் சிறு பொட்டலங்களாக மடித்து வாயிலருகே மேசைமேல் வைத்திருக்கிறோம். வீட்டுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம். விதை மூக்குப்பொடியைவிடப் பொடியாக இருக்கும். பொட்டலத்தைப் பிரிக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், உள்ளே ஒன்றுமில்லை என்று எறிந்தும் விடாதீர்கள். ஈரமான மணற்பாசிமேல் தூவுங்கள். மண் போட்டு மூடவேண்டா, ஒளி பட்டால்தான் முளைக்கும். மேலே கண்ணாடித் தகடு ஒன்றை வைத்து, தொட்டியை மழைநீர்த் தட்டில் நிறுத்தி, வெளிச்சமான இடத்தில் விட்டுவிடுங்கள். சில வாரங்களில் குண்டூசித் தலையளவு பச்சை தோன்றும். அவ்வளவு சிறிதிலேயே இலைநுனியில் துளி இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு பார்க்கலாம். இச்செடி பெரும்பாலும் ஓராண்டு வாழ்ந்து, பூத்து, விதை உதிர்த்து மடியும். அதனைக் கண்டு வருந்தவேண்டா. தொட்டியை உலரவிடாமல் வைத்திருந்தால் அதே மண்ணில் அடுத்த தலைமுறை எழும்.

பொட்டலம் தீர்ந்துபோனால் செயலாளரிடம் பெயரைக் கொடுத்துச் செல்லுங்கள். அடுத்த விதை மாசி மாதத்தில் முற்றும்.